மீதி மஞ்சள்

வால்பராய்சோவில் வீடு தேடுகிறவளுக்கு
முதலில் முழங்கால் வேண்டும்.
நூற்றெண்பத்திரண்டு படி ஏறி
மூச்சு திரும்பும்வரை அழைப்புமணியைத் தொடாமல் நின்றேன்.
இது நான்காவது தடவை.
முதல் தடவை பார்க்க,
இரண்டாம் தடவை முன்பணம் கொடுக்க,
மூன்றாம் தடவை அவர் இல்லை.
அவர் இல்லை என்பதை
அவரே உள்ளிருந்து இருமிச் சொன்னார்.

மூன்று லட்சத்து நாற்பதாயிரம் பெசோ.
பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவளுக்கு
அது எத்தனை காலை என்று எனக்குத் தெரியும்.
ரசீது கேட்டபோது தோன் எவரிஸ்தோ
மருந்துக்கடைப் பையைக் கிழித்து
பின்பக்கம் எழுதிக் கொடுத்தார்:
"எர்சிலியா புர்கோஸிடம் பெற்றேன். வீட்டுக்காக."
தேதி இருக்கிறது. கையெழுத்து இருக்கிறது.
மனம் மாறினால் என்ன என்பது மட்டும் இல்லை.

மாறியது.
ஒப்பந்தம் அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில்
சர்க்கரை ஜாடிக்கு அடியில் கிடந்தது.
ஆறு பக்கம். ஐந்தில் எனக்குச் சண்டை இல்லை.
ஆறாவதில் இரண்டு கோடு:
ஒன்று எனக்கு,
இன்னொன்று எனக்கு ஜாமீன் நிற்கிறவருக்கு.
அக்காவுக்குச் சம்பளச் சீட்டு கிடையாது.
டிப்போவில் யாரிடமும் கேட்க வாய் வரவில்லை.
மிஞ்சியது கஸ்தோன்.
பிரிந்து மூன்று வருடம்.
கேட்ட மறுநொடி, "இதற்கென்ன, பேனா கொடு" என்றான்.
அந்த மறுநொடிதான்.
கொஞ்சம் முனகியிருந்தால்
நான் கையெழுத்துப் போட்டிருப்பேன்.

இதையெல்லாம் வீட்டுக்காரரிடம் சொல்வதா?
"சுவரில் ஈரம்" என்றேன்.

அவர் பதில் பேசவில்லை.
எழுந்துபோய்ச் சுவரில்
உள்ளங்கையை முழுதாய் ஒட்டிவைத்தார்,
காய்ச்சல் பார்ப்பதுபோல.
பிறகு என் கையையும் கேட்டார்.
வைத்தேன்.
வெயில் குடித்த பாறைமாதிரி உலர்ந்திருந்தது.
மஞ்சளாகவும் இருந்தது.
போன மாதம் வெள்ளை.
"மஞ்சளாக இருந்தால் நன்றாயிருக்கும்" என்று
யாரோ போகிறபோக்கில் சொன்னார்களாம்.
யாரோ என்பது நான்.

நான் தயாராக வந்த சண்டை வேறு.
நுகர்வோர் அலுவலகம், மனு,
அக்கா மகளின் வக்கீல் தோழி,
எல்லாம் படியில் ஒத்திகை பார்த்தாயிற்று.
அவரும் தயாராகத்தான் இருந்தார்:
உனக்காக இரண்டு பேரைத் திருப்பி அனுப்பினேன்,
அதில் ஒருவர் பல்மருத்துவர்,
ஒரு மாதம் வீடு சும்மா கிடந்தது.
கையெழுத்தில்லாமல் வாடகை ஏது, என்றேன்.
வாக்கு என்று ஒன்று இல்லையா, என்றார்.
இல்லை என்று சொல்ல நா எழவில்லை,
இருக்கிறது என்றால் பணம் போயிற்று.
கீழே துறைமுகத்தில் ஒரு கிரேன்
யாருடையதோ கண்டெய்னரைத் தூக்கிவிட்டு
எங்கே வைப்பதென்று மறந்ததுபோல் நின்றது.

"ஈரம் இல்லை" என்றேன் கடைசியில்.
"ஜாமீனுக்கு ஆள் இல்லை. இருக்கிற ஆள் வேண்டாம்."

கண்ணாடியைக் கழற்றினார், மறுபடி மாட்டினார்.
"இதை முதலிலேயே சொல்லக் கூடாதா.
ஜாமீன் என் மருமகன் கேட்கச் சொன்னது. எனக்கெதற்கு."
பிறகு, சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு:
"இனிச் சொல்லி என்ன. அந்தப் பல்மருத்துவர்
நேற்று மறுபடி வந்தார். சரி என்றுவிட்டேன்."

நேற்று.
வாக்கு இல்லையா என்று
கால்மணி நேரம் முன்பு கேட்ட அதே வாய்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
சுவரில் என் கை இருந்த இடத்தைப் பார்த்தேன்.
அவரும் அங்கேயே பார்த்தார்.

பிஸ்கட் டின்னைத் திறந்து எண்ணினார்,
விரலை நாக்கில் தொட்டுத் தொட்டு, இரண்டு முறை.
பெயின்டுக்கு இருபத்திரண்டாயிரம் பிடித்துக்கொண்டார்.
பல்மருத்துவர் வெள்ளைதான் கேட்கிறாராம்.
போகட்டும் என்று விட்டேன்.
மருந்துப் பையின் துண்டைத் திருப்பிக் கொடுத்தேன்;
நாலாய் மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

வாசல்வரை வந்தவர், "நில்" என்று உள்ளே போய்
பாதி டப்பா பெயின்டோடு வந்தார்.
"காசு கொடுத்தது நீ. உன்னுடையது."

இதோடு பேருந்தில் ஏற்றமாட்டார்கள்.
நானும் ஏற்றியிருக்க மாட்டேன்.
இறங்கினேன்.
தோளில் கைப்பை,
அதில் மூன்று லட்சத்துப் பதினெட்டாயிரம்,
கையில் மூடி சரியாக மூடாத மஞ்சள்.
எண்பதாவது படியில் கை மாற்றினேன்.
வீடு இன்னும் இல்லை.
என்ன நிறம் என்பது மட்டும் முடிவாகிவிட்டது.